காரைக்குடிப் பக்கத்து இயற்கை மருத்துவ மையம்: எண்ணெய் தேய்க்கப் போகலாம், மருந்துப் பொட்டலம் வேண்டாம்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர்ப் பக்கம் ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கிற வீடு என்றால் அந்த வாட்ஸ்அப் நோட்டீஸ் கட்டாயம் வந்திருக்கும். பழைய நகரத்தார் வீட்டு முகப்பு, அதற்கு முன்னால் ஒரு பையன் கண்ணை மூடிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற படம், கீழே "ஆட்டிசம் இயற்கை முறையில் வேரோடு குணம், ஒரே மண்டலத்தில் மாற்றம்" என்று கொட்டை எழுத்து. எங்களுக்கு அதை அத்தை அனுப்பினார்கள், கடைக்கு வருகிற கொத்தனார் அனுப்பினார், சிங்கப்பூரிலிருந்து மச்சான் அனுப்பினார். எல்லோரும் பிரியத்தில்தான் அனுப்புகிறார்கள். போய்ப் பார்த்தோம், கொஞ்ச காலம் தொடர்ந்து போனோம், இப்போதும் ஒரே ஒரு விஷயத்துக்காகப் போய் வருகிறோம். அங்கே எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கவே கூடாது என்று உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்சு முழுக்க அந்த ஒரு இடத்தைப் பற்றியே ஆகிவிடும், ஆனால் இதே மாதிரி இடம் மதுரையிலும் திருச்சியிலும் கோவையிலும் இருக்கிறது, இதே பொட்டலம், இதே பத்தியச் சீட்டு, இதே பேச்சு. உங்கள் ஊரில் இருக்கிறதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவசரமாகப் படிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய் தேய்ப்பது அருமை. இடம் அருமை. சாப்பாட்டுப் பத்தியம் நம் பிள்ளைகளுக்குச் சரிப்படாது, ஆபத்தாகக்கூட முடியும். மருந்துப் பொட்டலத்தைக் கையால் கூடத் தொடாதீர்கள். "பேச்சுப் பயிற்சியை நிறுத்துங்க" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கள் மகளுக்கு இப்போது ஏழு வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். சில வார்த்தைகள் பேசுவாள், மற்றதற்குப் படஅட்டை வைத்திருக்கிறோம், தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர்ப் படத்தை எடுத்து நம் கையில் வைப்பாள். சத்தம் தாங்க மாட்டாள், மிக்சி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடிவிடுவாள். தூக்கம் பெரிய பிரச்சினை, ஆட்டிசப் பிள்ளைகளில் பாதிக்கும் மேல் இந்தத் தூக்கத் தொல்லை உள்ளவர்கள்தான், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சுற்றிச் சுற்றி நடக்கிற பிள்ளையோடு விழித்திருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. பேச்சுப் பயிற்சியும் ஆக்குபேஷனல் தெரபியும் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிற பயிற்சி) நடந்துகொண்டிருக்கின்றன. நாங்கள் அந்த மையத்துக்குப் போனது அந்தத் தூக்கத்துக்காகத்தான். குணமாகும் என்று நோட்டீஸில் போட்டிருந்ததை நானும் மனைவியும் நம்பவில்லை, ஆனால் என் அம்மாவுக்கு, பாப்பாவின் அப்பத்தாவுக்கு, ஒரு நம்பிக்கை இருந்தது, அதை நான் குறைவாக நினைக்கவில்லை. பேத்தி ஒரு தடவை "அப்பத்தா" என்று கூப்பிட வேண்டும் என்று ஆசைப்படுவதில் என்ன தப்பு.

இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வைத்தியம் அந்த வீடுதான். முகப்பு தாண்டினால் நீளமான வளவு, நடுவில் வானம் தெரிகிற முற்றம், சுற்றிலும் தேக்குத் தூண்கள், தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். மே மாத வெயிலில் கூட உள்ளே நுழைந்தால் குளிர்ச்சி. எங்கள் பாப்பா போன உடனே பட்டாலைத் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைக் கல்லில் ஒட்டிவைத்துக்கொண்டு, ஒரு விரலால் பூ வரையை ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு, அடுத்ததற்கு என்று விடாமல் தடவிக்கொண்டே போனாள். புது இடத்தில் அவள் அவ்வளவு அமைதியாக இருந்து நாங்கள் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி மாதிரி ட்யூப்லைட் கிடையாது, மருந்து நெடி கிடையாது, காத்திருக்கிற இடத்தில் டிவி அலறாது. இந்த அளவுக்கு யோசித்து இடம் வைத்திருப்பவர்களைப் பாராட்டியே ஆக வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய வீடு என்பதால் ஜன்னல்களிலும் கதவுகளிலும் பழைய எனாமல் பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. எது கிடைத்தாலும் வாயில் வைக்கிற பிள்ளைகள் நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிறார்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற கட்டுப்பாடு நம் நாட்டில் 2017ல்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தின பெயிண்டில் எவ்வளவு இருக்கும் என்று கடையில் பெயிண்ட் விற்கிற எனக்கே சொல்ல முடியாது. ஜன்னல் பக்கம் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். இதே எச்சரிக்கை நம் ஊரில் பழைய வீட்டில் குடியிருக்கிற எல்லோருக்கும்தான்.

முதல் நாள் ஆலோசனைக்கு 500 ரூபாய். பெரிய வைத்தியர் வயதானவர், நல்ல மரியாதை, "வாங்க ஆச்சி, உக்காருங்க" என்று அம்மாவை முதலில் உட்காரவைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். நாடி பார்த்தார், நாக்கைப் பார்க்க முயன்றார், பாப்பா காட்டவில்லை. அப்புறம் "மூளைக்குப் போற நரம்புல அடைப்பு, வாயு ஏறி நிக்குது" என்றார். ஆட்டிசம் அடைப்பு இல்லை. மரபணுக்களும் கரு வளரும் காலத்துக் காரணங்களும் சேர்ந்து மூளை வளர்கிற விதத்தையே வேறாக்கிவிடுகின்றன. அடைத்திருப்பதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லக் கேட்க ஆறுதலாகத்தான் இருக்கும், ஆனால் எடுக்க அங்கே ஒன்றுமில்லை. அடுத்து "தடுப்பூசி போட்ட அப்புறம்தானே தம்பி பேச்சு நின்னுச்சு?" என்றார். இந்தக் கேள்விக்கு நான் தயாராக இருந்தேன். இந்தப் பேச்சு கிளம்பியதே 1998ல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற டாக்டர் வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையால். 2010ல் அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அதே வருடம் அவருடைய டாக்டர் பதிவும் ரத்தானது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளை வைத்துப் பார்த்து 2019ல் வெளியிட்ட ஆய்வில் எம்.எம்.ஆர். ஊசி (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கான தடுப்பூசி) போட்ட பிள்ளைக்கும் போடாத பிள்ளைக்கும் ஆட்டிச விஷயத்தில் வித்தியாசம் இல்லை என்று வந்தது. ஒன்று ஒன்றரை வயதில் ஊசி போடுகிறோம், அதே வயதில்தான் பேச்சு தாமதம் கண்ணுக்குப் படுகிறது, இரண்டும் ஒரே சமயத்தில் வருவதால் முடிச்சுப் போடத் தோன்றுகிறது. இதை மரியாதையாகவே சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, சீட்டு எழுத ஆரம்பித்தார். தங்கச்சி பிள்ளைக்கு ஊசி போடாமல் நிறுத்திய குடும்பத்தை எனக்குத் தெரியும், தட்டம்மை வந்து அந்தக் குழந்தை பட்ட பாடும் தெரியும். அதனால்தான் இந்த ஒரு கேள்வியை நான் லேசாக விடுவதில்லை.

இனி நல்லதைச் சொல்கிறேன். எண்ணெய் தேய்க்கிற பெண் ஒருத்தர் இருக்கிறார், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், சித்த வைத்தியத்தில் தொக்கணம் என்று சொல்வார்கள் இல்லையா, அதை முறையாகக் கற்றவர். அவர் பாப்பாவைத் தொடுவதற்கு முன்னாலேயே தரையில் தள்ளி உட்கார்ந்து தன் காலில் எண்ணெய் தடவிக் காட்டினார். பிறகு கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். பாப்பா தானாக வந்து கிண்ணத்தில் விரலை விட்டாள். அன்றைக்குப் பாதம் மட்டும், அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. "அண்ணே, அவசரமில்ல, பிள்ளை விடுற அளவுக்குத்தான்" என்றார். எனக்குத் தெரிந்து எந்தத் தெரபி வகுப்பிலும் இவ்வளவு பொறுமையை நான் பார்த்ததில்லை. அடுத்தடுத்த தடவைகளில் கெண்டைக்கால், முதுகு, தோள் என்று போனார். நல்லெண்ணெய்தான், லேசாகச் சூடு பண்ணியது. மெதுவாகத் தடவினால் பாப்பா நெளிவாள், கூச்சம், அழுத்திப் பிடித்தால் உடம்பை அப்படியே விட்டுவிடுவாள். அந்தப் பெண் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். ஒவ்வொரு இடத்துக்கும் போகுமுன் "இப்ப வலது கால், தங்கம்" என்று சொல்லிவிட்டுத்தான் கையை வைப்பார், பத்து வரை சத்தமாக எண்ணுவார், பத்து வந்தால் கையை எடுத்துவிடுவார். எப்போது முடியும் என்று பிள்ளைக்குத் தெரிகிறது பாருங்கள், அதுதான் முக்கியம். சில வாரத்தில் எண்ணி முடித்துக் கையை எடுத்ததும் பாப்பா அந்தக் கையைப் பிடித்துத் தன் குதிகாலில் திரும்ப வைத்தாள். இன்னும் வேண்டும் என்று வேற்று ஆளிடம் அவள் கேட்டது அது. என் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள்.

தேய்த்த நாட்களில் ராத்திரித் தூக்கம் நன்றாக இருந்தது, இதை நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் இது ஆட்டிசத்தைக் குணமாக்குகிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆட்டிசப் பிள்ளைகளுக்கு மசாஜ் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன, சிறியவை, அதில் கொஞ்சம் நல்ல பலன் சொல்கிறார்கள், அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் அடித்துச் சொல்ல முடியாது. எனக்குப் புரிந்தவரை, ஒரே நேரம், ஒரே ஆள், ஒரே வரிசை, மங்கலான வெளிச்சம், நல்ல அழுத்தம், அப்புறம் வெந்நீர்க் குளியல், இவ்வளவும் சேர்ந்தால் எந்தப் பிள்ளைக்கும் உடம்பு தளரும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நம் வீடுகளுக்குப் புதிதா என்ன. இப்போது அப்பத்தாவே அந்தப் பெண்ணிடம் வரிசையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வீட்டில் தேய்த்துவிடுகிறார்கள், அவ்வப்போதுதான் அங்கே போகிறோம். ஒரு தடவைக்கு 600 ரூபாய். கொடுக்கலாம். இவ்வளவு செய்தும் தூக்கம் சரிப்படவில்லை என்றால் குழந்தை நல டாக்டரிடம் கேளுங்கள், மெலடோனின் என்ற மருந்து ஆட்டிசப் பிள்ளைகளின் தூக்கத்துக்கு உதவுவதாக ஒழுங்கான ஆய்வுகள் இருக்கின்றன, அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கிண்ண ஒலி வைத்தியம் என்று ஒன்று, வெண்கலக் கிண்ணத்தைத் தட்டிக் காதருகே கொண்டுவருவார்கள். சத்தம் ஆகாத பிள்ளைக்கு அதைச் செய்து, அவள் காதைப் பொத்திக்கொண்டு கத்தும்போது "பழகிடும், விடுங்க" என்றார் அங்கிருந்த உதவியாளர். பழகாது. நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இசையே ஆகாது என்று சொல்லவில்லை, பயிற்சி பெற்றவர் பிள்ளையோடு உட்கார்ந்து பாடியும் வாசித்தும் செய்கிற இசைச் சிகிச்சை வேறு, அதற்குக் கொஞ்சம் ஆதாரமும் இருக்கிறது, பிள்ளைக்குப் பிடித்தால் செய்யலாம். அப்புறம் நசியம். மூக்கில் எண்ணெய்ச் சொட்டு விடுவது. அதற்கு இரண்டு பேர் வந்தார்கள், கையைப் பிடிக்க ஒருவர், காலைப் பிடிக்க ஒருவர். அதைப் பார்த்ததும் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேச முடியாத பிள்ளையைப் பிடித்து அமுக்கிச் செய்கிற எதுவும், அது எந்த வைத்தியமாக இருந்தாலும், அல்லோபதியாகவே இருந்தாலும், உயிர் போகிற அவசரம் இல்லாமல் செய்யக் கூடாது என்பது என் தீர்மானம். நம் பிள்ளை "வேண்டாம்" என்பதை உடம்பால்தான் சொல்கிறது. அதை நாமே மதிக்கவில்லை என்றால் நாளைக்கு வேறு யாராவது தொடும்போது அது யாரிடம் போய்ச் சொல்லும்?

பத்தியத்துக்கு வருவோம். கோதுமை கூடாது, மைதா கூடாது, பால், தயிர், மோர், நெய் எதுவும் கூடாது, வெள்ளைச் சர்க்கரை கூடாது. இது இயற்கை வைத்தியத்தில் பிறந்தது இல்லை, வெளிநாட்டிலிருந்து வந்த குளூட்டன், கேசின் இல்லாத உணவு முறைதான். கோதுமையிலும் பாலிலும் உள்ள புரதம் சரியாகச் செரிக்காமல் அபின் மாதிரி மூளையில் வேலை செய்கிறது என்று ஒரு ஊகம் பல வருடமாக உலவுகிறது. சோதித்துப் பார்த்த நல்ல ஆய்வுகளில் ஆட்டிசக் குணங்களில் மாற்றம் தெரியவில்லை. கோதுமையை நிறுத்துவது நமக்குப் பெரிய கஷ்டமில்லை, இட்லி, தோசை, இடியாப்பம், வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி என்று நம் சாப்பாடே அரிசிதான். சிக்கல் பாலில்தான். எங்கள் பாப்பா சாப்பிடுவதே வெள்ளை நிறத்தில் உள்ளது மட்டும், தயிர்சாதம், இட்லி, பால், எப்போதாவது தேங்காய்ப்பாலில் ஊறின பணியாரம். இதில் தயிரையும் பாலையும் எடுத்தால் மிச்சம் என்ன இருக்கிறது? "பசிச்சா தானா சாப்பிடும்" என்றார் பெரியவர். ஆட்டிசப் பிள்ளைகளில் பலர் அப்படிச் சாப்பிட மாட்டார்கள், பட்டினி கிடப்பார்கள், எடை இறங்கும். பால் நிறுத்தப்பட்ட ஆட்டிசச் சிறுவர்களுக்கு எலும்பின் தடிமன் குறைவாக இருப்பதை அமெரிக்காவில் ஓர் ஆய்வில் படமெடுத்தே காட்டியிருக்கிறார்கள். உண்மையிலேயே பால் ஒத்துக்கொள்ளாத, வயிற்றுப்போக்கும் வலியும் வருகிற பிள்ளை என்றால் டாக்டரிடம் காட்டிச் சோதித்துவிட்டு நிறுத்துங்கள், கால்சியத்துக்குக் கேழ்வரகும் கீரையும் மாத்திரையும் என்று ஈடு செய்துவிட்டு நிறுத்துங்கள். சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக நிறுத்தாதீர்கள்.

இப்போது பொட்டலம். இதற்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்.

மண்டலப் பேக்கேஜ் 42,000 ரூபாய். அதில் தேய்ப்பது, மண் பட்டி, கிண்ணம் எல்லாம் சேர்த்தி, கூடவே மருந்து. மருந்து என்றால் சின்னச் சின்ன ஜிப் கவரில் செங்கல் நிறத்தில் பொடி, தேனில் குழைத்துக் காலை மாலை கொடுக்கச் சொல்கிறார்கள். கவரின் மேல் ஒரு எழுத்துக் கூட இல்லை. என்ன மருந்து என்று கேட்டேன். "செந்தூரம் தம்பி. பரம்பரை மருந்து, சேர்மானம் வெளியே சொல்றதில்ல" என்றார். செந்தூரம் என்றால் உலோகமோ பாஷாணமோ புடம் போட்டு எடுப்பது, பாதரசம், ஈயம் சேர்கிற வகைகளும் உண்டு. நான் சித்த வைத்தியத்துக்கு எதிரி இல்லை. எங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் முதலில் நிலவேம்புக் குடிநீர்தான். அதனாலேயே பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரியில் உள்ள சித்த மருத்துவப் பிரிவுக்குப் போனேன். அந்த டாக்டர் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன இருக்குன்னு சொல்லாத செந்தூரத்தைச் சின்னப் பிள்ளைக்கு நான் கொடுக்க மாட்டேன், நீங்களும் கொடுக்காதீங்க" என்றார். ஒழுங்காகச் செய்து விற்கிற சித்த மருந்து என்றால் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்மானம் எல்லாம் லேபிளில் இருக்கும் என்று காட்டியும் கொடுத்தார்.

பயம் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. 2008ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில், இணையத்தில் விற்கிற 193 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்தார்கள், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. உலோகம் சேர்த்தே செய்கிற ரச மருந்துகளில் இன்னும் அதிகம். பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் பாதகமில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஏனென்றால் அது நேராகப் போய்ப் பாதிப்பது மூளையைத்தான். ஏற்கெனவே கற்றுக்கொள்ளச் சிரமப்படுகிற பிள்ளைக்கு அதைக் காசு கொடுத்து வாங்கித் தேனில் குழைத்துக் கொடுக்கலாமா? அதே மையத்து நோட்டீஸில் "உடலில் சேர்ந்த உலோக நச்சு நீக்கம்" என்று ஒரு வரி இருக்கிறது. உலோகத்தால் வந்தது என்று சொல்லிவிட்டு, உலோகம் சேர்ந்திருக்கக் கூடிய மருந்தைப் பெயர் சொல்லாமல் கொடுப்பதை என்னால் எந்த விதத்திலும் ஏற்க முடியவில்லை. ஏற்கெனவே இந்த மாதிரிப் பொடி கொடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, குழந்தை டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள், அதற்குச் சாதாரண ரத்தப் பரிசோதனை உண்டு. நீங்கள் கொடுத்ததை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், திட்டினால் திட்டட்டும்.

வசம்பும் கொடுத்தார்கள், பேச்சு வரும் என்று நாக்கில் உரசிவிட. பிள்ளை வளர்ப்பான் என்று நம் பாட்டிமார்கள் வைத்திருந்த பொருள், மணிக்கட்டில் வளையலாகவும் கட்டுவார்கள். கட்டுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளை கடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். உள்ளே கொடுக்க வேண்டாம். அதிலுள்ள அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்காவில் 1968லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் வருத்தப்பட்டார்கள், அப்புறம் "சரி, டாக்டரே வேணாங்குறப்ப எதுக்கு" என்று அஞ்சறைப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டார்கள்.

"மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு, இனிமே பேச்சுப் பயிற்சி எல்லாம் வேணாம், ரெண்டும் சேந்தா பலன் தெரியாது" என்று அடுத்த ஆலோசனையில் சொன்னார் பெரியவர். மருந்தை நாங்கள் கொடுக்கவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. பாப்பா நன்றாகத் தூங்குவதையும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுப்பதையும் பார்த்து மருந்தின் பலன் என்று சொல்லிவிட்டார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, மனசார நம்புகிறார். இதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். "எங்க பையனுக்குச் சரியாயிருச்சு" என்று வீடியோவில் சொல்கிற அப்பா அம்மாக்களும் பொய் சொல்லவில்லை.

1990களின் கடைசியில் அமெரிக்காவில் செக்ரெட்டின் என்ற ஒரு ஹார்மோன் ஊசி போட்டால் ஆட்டிசப் பிள்ளை பேசுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு, பெற்றோர்கள் வரிசையில் நின்றார்கள். 60 பிள்ளைகளை எடுத்து, பாதிப் பேருக்குச் செக்ரெட்டின், பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர், யாருக்கு எது என்று யாருக்கும் சொல்லாமல் போட்டுப் பார்த்தார்கள். 1999ல் முடிவு வந்தது. இரண்டு பக்கமுமே கொஞ்சம் முன்னேற்றம், வித்தியாசம் இல்லை. உப்புத் தண்ணீர் போட்ட பிள்ளையின் பெற்றோரும் மாற்றம் தெரிகிறது என்றார்கள். பலன் இல்லை என்று சொன்ன பிறகும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெற்றோர்கள் அந்த ஊசியில் ஆர்வமாகத்தான் இருந்தார்கள். நம் பிள்ளைகள் வளர்கிறார்கள், ஆட்டிசம் இருந்தாலும் வளர்கிறார்கள், நாமும் புதிதாக ஒன்றை ஆரம்பித்ததும் உற்றுப் பார்க்க ஆரம்பிக்கிறோம். கூடவே பள்ளிக்கூடம், பயிற்சி, வயது எல்லாம் வேலை செய்துகொண்டிருக்கின்றன. பெயர் வாங்கிக்கொள்வது பொட்டலம்.

மையத்தில் காத்திருக்கும்போது மற்ற பெற்றோரோடு பேசினோம், அவர்கள் அடுத்து போக நினைக்கிற இடங்களைக் கேட்டால் வயிறு கலங்குகிறது. ஸ்டெம்செல்லுக்கு நிலத்தை விற்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் ஐயா. ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022ல் சொல்லிவிட்டது. உலோகத்தை ரத்தத்திலிருந்து இழுக்கிற கீலேஷன் ஊசி இன்னொன்று, 2005ல் பென்சில்வேனியாவில் ஐந்து வயது ஆட்டிசப் பையன் அந்தச் சிகிச்சையின்போது ரத்தத்தில் கால்சியம் சரிந்து இதயம் நின்று இறந்தே போனான். ஆன்லைனில் விற்கிற குளோரின் டையாக்சைடு சொட்டு என்பது வெளுக்கப் போடுகிற பிளீச் வகை, குடிக்காதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019ல் திரும்பவும் எச்சரித்தது. ஆக்ஸிஜன் அறைக்குள் உட்காரவைப்பதற்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தமில்லை. ஒட்டகப்பால் பவுடர் விலையைக் கேட்டுவிட்டு நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்த 42,000 ரூபாயை வேறு எங்கே போடலாம் என்று கேட்கிறவர்களுக்கு. எங்கள் கணக்கில் அது மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. காசே இல்லை என்றாலும் வழி இருக்கிறது. மாவட்ட அளவிலான அரசு ஆஸ்பத்திரிகளில் தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, பரிசோதனையும் பயிற்சியும் இலவசம், குழந்தைகள் பிரிவில் கேளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டிருக்கிறது, சான்றிதழ் எடுத்து யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிவிடுங்கள். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் வரை உண்டு, வயது வரம்பு கிடையாது, பயிற்சிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. சென்னைப் பக்கம் போகிறவர்கள் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் நிப்மெட் (NIEPMD) என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனத்தில் முழுப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது, நம் ஊரிலேயே, நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று. கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் ஓர் ஆய்வு நடந்தது. பெரிய டாக்டர்கள் இல்லை, சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதையே நீயும் பார், அது செய்வதற்கு நீ பதில் கொடு, காத்திரு, குறைவாகப் பேசு என்று. பெற்றோரும் பிள்ளையும் பழகுகிற விதத்தில் நல்ல மாற்றம் தெரிந்தது, பிள்ளைகள் தாங்களாக முன்வந்து பெற்றோரிடம் பேச முயல்வதும் கூடியது. எண்ணெய் தேய்க்கிற அந்தப் பெண் செய்ததும் ஏறக்குறைய இதேதான். கிண்ணத்தை வைத்துவிட்டுச் சும்மா இருந்தாரே, அந்தச் சும்மா இருத்தலுக்குத்தான் நான் இப்போதும் 600 ரூபாய் கொடுக்கிறேன். அந்த மையத்து நிர்வாகம் அவருடைய சம்பளத்தைக் கூட்டி, அவரிடம் நாலு பேரைக் கற்கவைத்து, பொட்டலத்தை நிறுத்திவிட்டால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நம் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல இடம் இருக்காது. இதை அவர்களிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

போகிறவர்களுக்கு நடைமுறை விஷயம். பேக்கேஜ்தான் என்று வரவேற்பில் சொல்வார்கள், தனியாக எண்ணெய் தேய்ப்பது மட்டும் போதும் என்று அழுத்திக் கேட்டால் கொடுப்பார்கள். முன்பணம் முழுசாகக் கட்டாதீர்கள், பாதியில் நிறுத்தினால் திருப்பித் தர மாட்டார்கள், எங்களோடு காத்திருந்த தேவகோட்டைக்காரர் ஒருவருக்கு அப்படி ஆனது. வெள்ளி, சனி கூட்டம், முற்றம் முழுக்கச் சத்தம் எதிரொலிக்கும், செவ்வாய் புதன் காலை பத்து மணிக்கு முன்னால் என்றால் அமைதியாக இருக்கும். மாற்றுத் துணியும் பிள்ளைக்குப் பழகின துண்டும் கொண்டுபோங்கள், அங்கே கொடுக்கிற துண்டு சொரசொரப்பு. பெண்பிள்ளை என்றால் அம்மாவோ அப்பத்தாவோ தேய்க்கும் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்கள் மறுப்பதில்லை. குளிக்கிற இடத்தில் தரை வழுக்கும், எண்ணெய்க் காலோடு பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.